பிளக் சொருகினால் வேன் பாடியில் ஷாக்: கேம்பர் வண்டி வைத்திருப்பவர்கள் உதவவும்

வேளச்சேரி_விங்கர்:
வணக்கம். பழைய டாடா விங்கர் ஒன்றை வாங்கி, படுக்கை, சமையல் மேடை, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து கேம்பராக மாற்றியிருக்கிறோம். உள்ளே 12 வோல்ட் 200 ஆம்ப் ஹவர் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர், கூரையில் 400 வாட் சோலார். வெளிக் கரண்ட் எடுக்கப் பக்கவாட்டில் ஒரு 16 ஆம்ப் இன்லெட். பேட்டரி சார்ஜரும் உள்ளே இருக்கும் இரண்டு சாக்கெட்டும் அதிலிருந்து ஓடுகின்றன.

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பிளக் சொருகி சார்ஜ் போடும்போது, தரை ஈரமாக இருந்து வெறுங்காலுடன் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறது. செருப்பு போட்டிருந்தால் ஒன்றும் தெரிவதில்லை. டெஸ்டர் வைத்தால் பாடியில் எங்கே தொட்டாலும் எரிகிறது. வயரிங் செய்து கொடுத்த கடையில் கேட்டால், "டயர் ரப்பர்தானே சார், ஒன்றும் ஆகாது, லேசான லீக்கேஜ் எல்லா வண்டியிலும் இருக்கும்" என்கிறார்கள். வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான். இதை விட்டுவிடலாமா, கூடாதா?

ஓய்வு_ஜேஇ:
முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள் தம்பி. மீதியை அப்புறம் பேசலாம்.

டயர் ரப்பர் என்பதுதான் இங்கே பிரச்சினையே. வண்டியின் இரும்பு பாடிக்கும் மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே பாடிக்கு எந்த வழியாகக் கரண்ட் வந்தாலும் அது மண்ணுக்குப் போக வழியில்லாமல் அங்கேயே காத்திருக்கும். ஈரத் தரையில் நின்று தொடுகிறவர்தான் அந்த வழி. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது, இறங்கும்போது ஒரு கால் தரையிலும் ஒரு கை கதவிலும் இருக்கிற அந்த நொடியில்தான் அடிக்கும்.

உங்களுக்கு வந்த சுருக் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்கிறேன். சார்ஜர், இன்வெர்ட்டர் மாதிரியான சாதனங்களுக்குள் இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து எர்த்துக்கும், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கும் சின்னக் கெப்பாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் எர்த்தில் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் பாடி இரண்டுக்கும் நடுவில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். டெஸ்டர் எரியும், விரல் சுருக்கென்னும். அந்தக் கரண்ட் ஒரு மில்லி ஆம்புக்கும் குறைவாகத்தான் இருக்கும், அது ஆளைக் கொல்லாது. இந்த அளவுக்குக் கடைக்காரர் சொன்னது சரி.

அவர் சொல்லாமல் விட்டது வேறு. சுருக்கென்கிறது என்றால் உங்கள் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள். நாளை ஒரு ஒயர் உராய்ந்து தோல் கிழிந்து பாடியில் பட்டால், முழு 230 வோல்ட்டும் பாடியில் நிற்கும். எம்சிபி விழாது, ஃபியூஸ் போகாது.

அறுந்த இடம் இரண்டில் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய நிலையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கேபிள் பிளக்கின் பெரிய பின்னுக்கும் (அதுதான் எர்த்) வண்டி சேஸியில் பெயின்ட் இல்லாத இடத்துக்கும் இடையே பாருங்கள். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டினால் வண்டி சரி, சுவர் சாக்கெட்தான் சந்தேகம். அங்கே ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்து டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் குண்டு பல்ப் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும், அல்லது அந்த லைனில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் பிரேக்கர்) இருந்தால் அது விழ வேண்டும். மல்டிமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். நூலிழையில் ஒட்டிக்கொண்டிருக்கும் எர்த்திலும் அது 230 காட்டும், பல்ப் போட்டால்தான் குட்டு வெளிப்படும்.

கோடம்பாக்கம்_கேரவன்:
நம் ஊரில் கேரவன் என்றாலே ஷூட்டிங்தான், நான் அதில் பல வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். எங்கே நிறுத்தினாலும் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து சேஸிக்கு ஒயர் கொடுத்துவிடுவோம். அதைச் செய்தால் போதாதா சார்? அபார்ட்மென்டில் போய் யாரிடம் கெஞ்சுவது?

ஓய்வு_ஜேஇ:
கெஞ்ச வேண்டியதுதான். கணக்கு போட்டுப் பாருங்கள். கையால் அடித்த கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 50 ஓம் என்று வையுங்கள், காய்ந்த மண்ணில் அதைவிட அதிகம் இருக்கும். 230 வோல்ட் பாடிக்கு வந்தால் அந்தக் கம்பி வழியாகப் போவது 5 ஆம்புக்கும் குறைவு. 16 ஆம்ப் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பாடியில் கரண்ட் அப்படியே நிற்கும், நீங்கள் கம்பி அடித்த தைரியத்தில் தொடுவீர்கள். கம்பியோடு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் இருந்தால் கதை வேறு, 5 ஆம்ப் என்பது அதற்குத் தாராளம், உடனே விழும். ஆக, கம்பி மட்டும் என்றால் பிரயோஜனம் இல்லை.

எல்லோருக்கும் சொல்கிறேன்: இன்லெட்டை ஒட்டி, கேபிள் உள்ளே நுழைந்த முதல் அடிக்குள்ளேயே, ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் வெட்டுகிற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்று இருக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் எம்சிபி, சார்ஜர், சாக்கெட் எல்லாம். எம்சிபியும் அதேபோல் ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் வெட்டுவதாக இருக்கட்டும். லாட்ஜ், பெட்டிக்கடை சாக்கெட்டுகளில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது சர்வசாதாரணம்.

ஓஎம்ஆர்_நாடோடி:
சார், ஆர்சிசிபி இருக்கும்போது எர்த் எதற்கு? கசிவு வந்தால் அதுவே விழுந்துவிடுமே.

ஓய்வு_ஜேஇ:
விழும், ஆனால் எப்போது? எர்த் இருந்தால் கோளாறு வந்த நொடியே விழும், யாரும் தொட வேண்டியதில்லை. எர்த் இல்லையென்றால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகு விழும். பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். "பெரும்பாலும்" போதுமென்றால் உங்கள் இஷ்டம்.

இன்னொரு சங்கதி, இது பலருக்குத் தெரியாது. எர்த் ஒயர் வழியாகவே பாடிக்கு வோல்ட்டேஜ் வரலாம். கட்டடத்தின் எர்த் குழி செத்துப்போயிருக்கிறது, மூன்றாவது மாடியில் ஒருவருடைய கீசர் பழுது. அந்தக் கசிவு பொது எர்த் ஒயரில் ஏறி, உங்கள் பிளக்கின் பெரிய பின் வழியாக வண்டி பாடிக்கு வந்துவிடும். உங்கள் ஆர்சிசிபி எர்த் ஒயரை வெட்டுவதில்லை, அது இதைப் பார்க்கவே பார்க்காது. அதனால் புது இடத்தில் பிளக் சொருகியதும் செருப்புக் காலோடு நின்று டெஸ்டரைப் பாடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குழந்தைகளை இறக்க வேண்டும். எரிந்தால் அந்த இடத்துக் கரண்ட் வேண்டாம், சோலாரிலேயே ஓட்டுங்கள்.

ஓஎம்ஆர்_நாடோடி:
புரிந்தது சார். நான் பெரும்பாலும் வெளியில் சொருகுவதே இல்லை, எல்லாம் இன்வெர்ட்டர்தான். அதன் அவுட்புட்டில் ஆர்சிசிபி போட்டிருக்கிறேன். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழுகிறது. அப்போது நான் பத்திரம்தானே?

ஓய்வு_ஜேஇ:
வேலிக்கு ஓணான் சாட்சி. அந்தப் பட்டன் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்குக் கொஞ்சம் கரண்டை சுருளுக்கு வெளியே சுற்றிவிட்டுச் சோதிக்கிறது. எர்த் இருக்கிறதா இல்லையா என்று அதற்குக் கவலையே இல்லை. ஆர்சிசிபி என்ற பெட்டி வேலை செய்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும்.

இன்வெர்ட்டரின் இரண்டு அவுட்புட் ஒயரும் எதனோடும் கட்டப்படாமல் மிதந்தால், ஒன்று பாடியில் பட்டாலும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை, ஆர்சிசிபி விழாது. முதல் கோளாறு வந்தது யாருக்கும் தெரியாது. இரண்டாவது கோளாறும் வந்த பிறகுதான் தெரியும். இதற்காகத்தான் நல்ல இன்வெர்ட்டர்களில் பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலைச் சேஸியோடு கட்டுவார்கள். வெளிக் கரண்ட் வந்தவுடன் அந்தக் கட்டு அவிழ வேண்டும். தெருப்பக்க சப்ளையில் நியூட்ரலும் எர்த்தும் ஏற்கெனவே ஓரிடத்தில் சேர்ந்திருக்கும். இரண்டு இடத்தில் சேர்ந்தால் நியூட்ரல் கரண்ட் எர்த் ஒயரிலும் ஓட ஆரம்பிக்கும், ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். சில இன்வெர்ட்டர்களில் இந்தக் கட்டு-அவிழ் வேலைக்கு உள்ளேயே ரிலே (தானாக மாறும் சுவிட்ச்) உண்டு.

அவசரப்பட்டு நீங்களே ஒரு ஒயர் போட்டுக் கட்டிவிடாதீர்கள். மலிவான இன்வெர்ட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் என்று ஒன்றே கிடையாது, கட்டினால் புகைந்துவிடும். கையேட்டைப் பாருங்கள், அதில் இல்லையென்றால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.

வெளிக் கரண்டும் இன்வெர்ட்டரும் ஒரே சாக்கெட்டுக்கு வருகிறது என்றால் நடுவில் ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். இரண்டும் ஒன்றோடொன்று மோதினால் இன்வெர்ட்டர் மிஞ்சாது.

பாரிமுனை_கேபிள்:
230 வோல்ட்டைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் வேன் எரிவது 12 வோல்ட்டில்தான். கடைக்கு வருகிறவர்கள் "12 வோல்ட் ஷாக் அடிக்காதே பாஸ், எந்த ஒயராக இருந்தால் என்ன" என்பார்கள். ஷாக் அடிக்காது, உண்மைதான். ஒயரை உருக்கும், மோதிரத்தோடு விரலைச் சுடும். பேட்டரியில் கை வைக்கும் முன் காப்பு, மோதிரம், மெட்டல் ஸ்ட்ராப் வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும்.

விங்கர் அண்ணே, உங்கள் 2000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடில் பேட்டரியிலிருந்து இழுப்பது 170 முதல் 185 ஆம்ப். எந்த கேபிள் போட்டிருக்கிறார்கள்? எங்கே ஃபியூஸ்?

வேளச்சேரி_விங்கர்:
கேபிள் மேலே 16 என்று அச்சிட்டிருக்கிறது. சிவப்பு, விரல் தடிமன் இருக்கும். ஃபியூஸ் இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒன்று இருக்கிறது.

பாரிமுனை_கேபிள்:
இரண்டுமே தப்பு. 16 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்குத் தொடர்ந்து ஓட 80, 90 ஆம்பே அதிகம். தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாதி பிளாஸ்டிக். கார் ஆடியோ கேபிள் என்று விற்பதில் நிறைய, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். உங்களுக்குத் தேவை சுத்தச் செம்பில் 70 சதுர மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்குள்.

ஃபியூஸ் காப்பாற்றுவது கேபிளை, இன்வெர்ட்டரை அல்ல. இன்வெர்ட்டர் பக்கம் ஃபியூஸ் இருந்தால், நடுவில் கேபிள் சேஸியில் உராய்ந்து கிழியும்போது பேட்டரிக்கும் கிழிசலுக்கும் இடையில் தடுக்க எதுவுமே இல்லை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். லித்தியத்துக்கு கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் வாங்குங்கள். ஷார்ட் ஆனால் லித்தியம் பேட்டரி ஆயிரக்கணக்கில் ஆம்ப் தள்ளும். சாதாரண ஏஎன்எல் ஃபியூஸ் 6,000 ஆம்ப் வரைதான் வெட்டும், கிளாஸ் டி 20,000 வரை வெட்டும். வெட்ட முடியாத ஃபியூஸ் உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி நின்று எரிந்துகொண்டே இருக்கும்.

அதேபோல் வீட்டு எம்சிபியை 12 வோல்ட் பக்கம் போடுகிறார்கள். ஏசி கரண்ட் ஒரு நொடியில் நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், அதனால் பொறி தானாக அணையும். டிசியில் அந்த இடைவெளியே கிடையாது. டிசி என்று அச்சிட்ட எம்சிபிதான் போட வேண்டும், அதிலும் ப்ளஸ் மைனஸ் குறி இருந்தால் மாற்றிப் போடக் கூடாது.

லாரிக்காரன்_மகன்:
70 சதுர மில்லிமீட்டருக்கு லக் (கேபிள் முனையில் மாட்டும் காது) அடிக்க ஹைட்ராலிக் கிரிம்பர் வேண்டும். புதுப்பேட்டையில் சுத்தியலால் தட்டித் தருவார்கள், வாங்காதீர்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் வேண்டாம், வண்டி அதிர்வில் ஈயம் முடிகிற இடத்தில் இழைகள் ஒடியும். நான் சொல்வது, 2000 வாட் வேண்டுமென்றால் 24 வோல்ட்டுக்குப் போய்விடுங்கள். கரண்ட் பாதி, கேபிளும் பாதி.

பாரிமுனை_கேபிள்:
புதிதாகக் கட்டுகிறவருக்குச் சரி. இவர் ஏற்கெனவே 12 வோல்ட் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் வாங்கிவிட்டார். அதைவிட அந்த 2000 வாட் எதற்கு என்று கேளுங்கள்.

வேளச்சேரி_விங்கர்:
இண்டக்‌ஷன் அடுப்புக்காக. ராத்திரி ஏசிக்கும்.

லாரிக்காரன்_மகன்:
அண்ணே, உங்கள் பேட்டரி மொத்தமே இரண்டரை யூனிட்தான். ஒரு டன் ஏசி சென்னை ராத்திரியில் எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்து, ஆறு யூனிட் கேட்கும். 400 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட் தரும். ஏசி கனவை விட்டுவிட்டு நல்ல கூரை ஃபேன் போடுங்கள். அடுப்பை 800, 1000 வாட்டில் வைத்துச் சமையுங்கள், சோறு வேகத்தான் செய்யும்.

வேளச்சேரி_விங்கர்:
நண்பர்களே, சோதித்தாயிற்று. ஜேஇ சார் சொன்ன இரண்டில் ஒன்று அல்ல, இரண்டுமே. இன்லெட்டைக் கழற்றினால் பச்சை ஒயரை வெட்டி டேப் சுற்றி உள்ளே செருகியிருக்கிறார்கள். "எர்த் கொடுத்தால் ட்ரிப் ஆகிறது" என்பதற்காக என்று இப்போது சொல்கிறார்கள்! பார்க்கிங் சாக்கெட்டில் டெஸ்ட் லேம்ப் மினுக்குக்கூட இல்லை, எர்த் ஒயரே வரவில்லை. அசோசியேஷனில் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள். அதே லைனில் தண்ணீர் மோட்டாரும் இருக்கிறது என்றதும் அன்று மாலையே ஆள் வந்துவிட்டது.

ஓய்வு_ஜேஇ:
எர்த் கொடுத்தால் ட்ரிப் ஆனது என்றால் உள்ளே உண்மையிலேயே கசிவு இருக்கிறது. எர்த்தைச் சரி செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள். எல்லா எம்சிபியையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றி, எதில் விழுகிறது என்று பாருங்கள்.

கோடம்பாக்கம்_கேரவன்:
ஏசிக்காக யாராவது ஜெனரேட்டர் வாங்க நினைத்தால் ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்ஐடி குழு சோதித்துச் சொன்னது. எங்கள் தொழிலில் எல்லோரையும் உலுக்கிய செய்தி. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்கவே மாட்டார். ஜெனரேட்டரை வண்டியிலிருந்து இறக்கி, இருபது அடி தள்ளி, காற்று வண்டிப் பக்கம் அடிக்காத திசையில் வையுங்கள். தூங்கும்போது ஓட்டவே ஓட்டாதீர்கள். படுக்கைப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று.

ஈசிஆர்_காற்று:
கடலோரம் நிறுத்துகிறவர்களுக்கு: உப்புக் காற்று டெர்மினலில் பச்சை பூக்க வைக்கும். பூத்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ் ஏறும், சூடாகும். வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் சுத்தம் செய்து இறுக்கி மேலே வாசலின். கேபிள் ரீலை முழுக்கப் பிரித்துவிட்டுத்தான் லோடு போட வேண்டும், சுற்றியபடியே போட்டால் நடுச் சுற்றுகள் உருகும். 6 ஆம்ப் சாக்கெட்டில் 16 ஆம்ப் பிளக்கைச் சொருக ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று வெயில். மே மாதம் மூடிய வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டும். எல்எஃப்பி பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. பேட்டரிப் பெட்டிக்குக் காற்று வேண்டும். அதற்காக வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்டால் மழைக்காலத்தில் மாட்டுவீர்கள். 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் கார்கள் மிதந்ததைப் பார்த்தோமே. தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் முதலில் சுவர் சாக்கெட்டின் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி ஐசொலேட்டரை (பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சை) ஆஃப் செய்யுங்கள். தண்ணீர் ஏறிய பிறகு பிளக்கைப் பிடுங்க இறங்காதீர்கள், மெயினை அணைக்க ஆள் அனுப்புங்கள்.

லாரிக்காரன்_மகன்:
லெட் ஆசிட் ட்யூபுலர் பேட்டரி வைத்திருப்பவர்கள்: சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், மேலே ஏறும், வெளியே போக ஓட்டை வேண்டும். சமையல் கேஸ் கசிந்தால் கீழே தங்கும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து ரிலே டக் டக் என்று அடிக்கும் வண்டி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். தனித்தனிப் பெட்டி, தனித்தனி ஓட்டை. அப்புறம், பாடி மாற்றத்தை ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்றிவிடுங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஓஎம்ஆர்_நாடோடி:
கடைசியாக ஒன்று. ஜனவரியில் ஊட்டி போகிறோம். குளிரில் லித்தியம் பேட்டரிக்கு ஏதாவது ஆகுமா?

பாரிமுனை_கேபிள்:
எடுக்கலாம், ஏற்றத்தான் கூடாது. செல்லின் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும், அது திரும்பாத சேதம். தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் காலையில்கூட வண்டிக்குள் இருக்கும் பேட்டரி அந்த அளவுக்குக் குளிராது. வெளிப்பெட்டியில் வைத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். உங்கள் பிஎம்எஸ்ஸில் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டில்) குளிர் கட் ஆஃப் இருக்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ராத்திரியே சோலார் ஐசொலேட்டரை ஆஃப் செய்துவிட்டு, காலையில் வண்டி உள்ளே கொஞ்சம் சூடேறிய பிறகு ஆன் செய்யுங்கள். இன்ஜினிலிருந்து சார்ஜ் ஆகும் டிசி-டிசி சார்ஜருக்கும் இதேதான், அதற்கும் ஒரு சுவிட்ச் இருக்கட்டும்.